பதினான்காம் பக்கத்தில் அரைத் தட்டு

அன்புள்ள தினா,

இந்தக் கடிதம் நீளமாகப் போகும். ஆகவே எதற்குப் பிறகு எது வருகிறது என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நெசவாளர் சங்கத்தில் புடவை பார்க்கும் வேலையில் இருந்த நாளில் எந்தக் குறிப்பையும் இப்படித்தான் தொடங்கிப் பழக்கம். பட்டியல் போடாவிட்டால் பாதியில் பயந்துபோய், மழை, மின்வெட்டு என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவேன் என்பதும் ஒரு காரணம்.

1. எனக்கு உன்மேல் பொறாமை இருக்கிறது. அது எப்போது தொடங்கியது.
2. நீ ஜாஸை விட்டபோது நான் சொன்ன ஆட்சேபங்களும், சொல்லாமல் செய்த ஒரு காரியமும்.
3. உன் மாமனார்.
4. நீ எழுதியதில் பதினான்காம் பக்கத்தில் உள்ள பிழை.
5. சனிக்கிழமை கச்சேரிக்கு நான் வருவதா, வேண்டாமா.

ஷீலாவும் அவள் அப்பாவும் இதைப் படிக்கலாம். அம்மாவுக்கு நானே படித்துக் காட்டப்போகிறேன். இன்று திங்கட்கிழமை காலை. வியாழக்கிழமை உனக்குக் கடைசி ஒத்திகை என்று ஷீலா சொன்னாள். அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான்காவதைச் சொல்லும்போது என் குரல் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலாவது. பொறாமை என்ற சொல்லை எழுதிவிட்டு, அதைவிட மென்மையாக ஒன்று கிடைக்குமா என்று அகராதியைப் புரட்டினேன். ஏக்கம், ஆதங்கம், மனக்குறை என்று சில கிடைத்தன. ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. பொறாமைதான். ஆனால் அது உன் பெயரைப் பார்த்து வந்ததல்ல. நீ ஜாஸ் வாசித்த பதினெட்டு வருடமும் எனக்குப் பெருமை மட்டுமே இருந்தது. ஜப்பானில் நீ வாசித்த படம் செய்தித்தாளில் வந்த அன்று, பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் அந்தப் பக்கத்தை மடித்து எனக்காக எடுத்து வைத்திருந்தார். "இன்னா வாசிக்கிறாருன்னு புரியல சார். கோட்டு மட்டும் ஷோக்கா கீது" என்றார். நானும் சிரித்தேன். எனக்கும் கோட்டு மட்டும்தான் புரிந்திருந்தது.

சென்னை ஹோட்டலில் நீ வாசித்ததைக் கேட்க ஒரே ஒரு முறை வந்தேனே, நினைவிருக்கிறதா? கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓரிடத்தில் உன் விரல் பியானோவில் வேறு கட்டையில் விழுந்தது. எனக்கு இசை தெரியாது, ஆனால் பழுது விழுந்தால் தெரியும். முப்பத்து நான்கு வருடம் அதுதான் என் வேலை. நீ டிரம்ஸ் வாசிக்கும் நண்பரைப் பார்த்துச் சிரித்தாய். சிரித்துவிட்டு, அடுத்த சுற்றில் அதே இடத்தில் அதே தப்பை வேண்டுமென்றே வாசித்தாய். மூன்றாவது முறை அது வந்தபோது எனக்கே அது தப்பாகப் படவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன். "தப்புதான்பா. ஆனா திரும்ப வாசிச்சிட்டா அப்புறம் யாரும் அதைத் தப்புன்னு சொல்ல முடியாது" என்றாய். ஆரணிக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரு விசித்திரமான நிம்மதி வந்தது. நீ வாசிக்கிறாய், வாசித்ததும் அது போய்விடுகிறது. நான் புடவையைப் பார்க்கிறேன், பார்த்ததும் அது கடைக்குப் போய்விடுகிறது. இரண்டு பேர் கையிலும் ஒன்றும் நிற்பதில்லை. உயரம், நிறம், தைரியம் எதிலும் நீ என்னைக் கொண்டு பிறக்கவில்லை. இதிலாவது நாம் ஒரே ஜாடை என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னதில்லை.

போன பொங்கலுக்கு நீ ஒரு தாள்கட்டோடு வந்தாய். மூன்றாம் நாள் காபி கொடுக்க மாடிக்கு வந்தேன். பென்சிலால் எழுதுகிறாய், அழிக்கிறாய், ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி எழுதுகிறாய். பக்கத்துக்குப் பக்கம் நான்கு வரிகள். "இதுல பியானோ எங்க வருது?" என்று கேட்டேன். "வரலைப்பா. ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நாலு பேர் வாசிப்பாங்க. நான் கீழ உக்காந்து கேப்பேன்" என்றாய். அந்த இடத்தில்தான் தொடங்கியது. காபி டம்ளரை வைத்துவிட்டு இறங்கும்போது படியிலேயே அதை அடையாளம் கண்டுகொண்டேன்.

ஏன் என்று நிறைய யோசித்தேன். என் மேஜையைத் தாண்டி எத்தனையோ பட்டுப் புடவைகள் போயிருக்கின்றன. ஒரு மாங்காயை, ஒரு பூவை, பார்டரில் ஒரு கோட்டைக்கூட நான் வரைந்ததில்லை. புடவையில் கட்டியிருக்கும் சிறு அட்டையில் 'பார்த்தது' என்று எழுதி, கீழே ஓர் இனிஷியல் போடுவேன். என் கையால் ஆனது அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் முதலில் பிய்த்துப் போடுவது அந்த அட்டையைத்தான். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை, ஏனென்றால் என் மகனும் அப்படித்தான் என்று ஒரு துணை இருந்தது. நாற்பத்திரண்டு வயதில், ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, என்னைத் தனியாக விட்டுவிட்டு நீ அந்தப் பக்கம் போய்விட்டாய்.

இரண்டாவது. அன்று மதியம் சாப்பிடும்போது நான் மூன்று ஆட்சேபங்கள் சொன்னேன். நிலையான வேலையை விடுகிறாய், ஷீலா ஒருத்தி சம்பாதித்துக் குடும்பம் ஓட வேண்டியிருக்கும், புதிதாகத் தொடங்கும் வயது தாண்டிவிட்டது. வரிசையாகச் சொன்னேன். அம்மாதான் கரண்டியோடு நின்று மறித்தாள். "இன்னாங்க, சோத்துல கை வச்சிகினு இருக்கறவன உக்காத்தி வச்சி விசாரணையா? அவன் இன்னா சின்னப் புள்ளையா? சும்மா பேஜார் பண்ணாதீங்க." நீ கோபப்படவில்லை. மோரை ஊற்றிக்கொண்டே, "வாசிச்சது அன்னிக்கே போயிடுதுப்பா. நல்லா வாசிச்ச நாளும் போயிடுது, மோசமா வாசிச்ச நாளும் போயிடுது. ஒரு தடவையாவது, நான் இல்லாத ரூம்ல நான் நினைச்சது கேக்கணும்" என்றாய்.

என் மூன்று ஆட்சேபங்களும் பொய். அப்படிச் சொல்லும் தகப்பன் ஊரில் எந்த வீட்டிலும் இருப்பான், அவனைப் பார்த்துக் காப்பியடித்தவை. உண்மையான ஆட்சேபம் ஒன்றுதான், அதை முதலாவதில் எழுதிவிட்டேன்.

சொல்லாமல் செய்த காரியம் இது. நீ குழுவை விட்டு விலகிய பத்தாம் நாள், உன் டிரம்ஸ் நண்பர் நம் வீட்டு எண்ணுக்குப் போன் செய்தார். "அங்கிள், தினா நிஜமாவே முடிவு பண்ணிட்டானா? அவன் வரமாட்டான்னா நாங்க வேற ஆள் பாக்கணும்" என்று கேட்டார். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "கொஞ்சம் பொறுங்க தம்பி, அவனுக்கு எழுத்து வேலையெல்லாம் நிலைக்காது, திரும்பி வந்துடுவான்" என்று சொன்னேன். மிகவும் மரியாதையாக, தழைந்த குரலில் சொன்னேன். அவர் நம்பினார். நான்கு மாதம் பியானோவுக்கு வேறு ஆள் போடாமல் காத்திருந்தார் என்று பிறகு உன் வாயாலேயே கேட்டேன். "ஏன்தான் அப்படி வெயிட் பண்ணானோ, லூசு" என்று நீ அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன். அவரிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. எண்ணைக் கொடு, நானே கேட்கிறேன். கேட்பேனா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதனால்தான் எழுத்தில் கொடுக்கிறேன்.

மூன்றாவது. உன் மாமனாரைப் பற்றி எழுத நான் தகுதியானவன் அல்ல. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், அரக்கோணத்தில் நாற்பது வருடமாக ஞாயிறுதோறும் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர், கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்து, "சம்பந்தி, இனிமே உங்க புள்ள எனக்கும் புள்ள" என்றவர். நான் கம்பம் மாதிரி நின்றேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. 'எனக்கும்' என்றுதான் சொன்னார். எனக்கு ஏனோ 'எனக்கு' என்றே கேட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து நீ புறப்படும் நாள். குளிக்கப் போகும் முன், அந்த இருபத்து மூன்று பக்கத்தையும் சாப்பாட்டு மேஜையில் என் முன்னால் வைத்தாய். "அப்பா, ஒரு தடவை பாருங்கப்பா. நொட்டேஷன் தெரியாட்டி பரவால்ல. நீங்க புடவை பாக்கற மாதிரி பாருங்க, போதும்." நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். "சொந்த வீட்டுச் சரக்கை நான் பாக்கறதில்லப்பா" என்றேன்.

அதை நீ விளையாட்டுப் பேச்சாக எடுத்திருக்கலாம். அது சங்கத்தில் புடவை பார்க்கும் எங்கள் அறையின் வழக்கம். தம்பி, மச்சான், மாமன் நெய்த புடவை நம் மேஜைக்கு வந்தால், பிரிக்காமல் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். எங்கும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோரும் கடைப்பிடித்தோம். உன் சித்தப்பா தறியில் இருந்த காலத்தில் அவன் புடவையை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கே ஒன்றை எடுத்து வந்தான். "சங்கத்துக்கு வேணாண்ணா, வீட்ல வச்சிப் பாரு. நல்லா இருக்குதா இல்லியான்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு, அது போதும்" என்றான். வழக்கத்தைச் சொன்னேன். அவன் புடவையை மடித்துக்கொண்டே, "நீ நியாயம் பாக்கலண்ணா. பயந்துகினு இருக்க" என்றான். பிறகு அவன் தறியை விட்டுவிட்டுக் களம்பூர் மில்லுக்கு வேலைக்குப் போனதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்தப் புடவையின் நிறம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. மயில்கழுத்து, அரக்குக் கரை. மடித்திருந்ததால் முந்தானை தெரியவில்லை.

நீயும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய். நேராக அரக்கோணம் போய் இறங்கினாய். இரண்டு நாள் கழித்து ஷீலா ஒரு படம் அனுப்பினாள். ஒரே மேஜையில் நீயும் அவரும். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருக்கிறார். அவர் ஆள்காட்டி விரல் உன் தாளின்மேல் இருக்கிறது. நீ அந்த விரலையே பார்க்கிறாய். அந்தப் படத்தில் அந்த விரலை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், கடைசியில் நகமும் சில கட்டங்களும் தவிர ஒன்றும் தெரியாத அளவுக்கு. அவருக்குப் படிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. அதனால்தான் நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ முதலில் யார் முன்னால் வைத்தாய் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

நான்காவது. இதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா உன் தாள்களை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்துவிட்டாள். எனக்குத் தெரியாது. ஷீலா அனுப்பிய படத்தை நான் பார்த்துக்கொண்டிருந்த பிற்பகலில், அம்மா தன் போனை என் மடியில் போட்டாள். "கைல குடுத்தா தொடமாட்டீங்க. போன்ல இருந்தா நோண்டாம இருக்கமாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்கள" என்றாள். இருபத்து மூன்று படம். ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் எடுத்துக் கொண்டுவந்தேன். ஒன்றும் புரியவில்லை. அடுத்த திங்கட்கிழமை, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடைக்கு மேல் மாடியில் நடக்கும் கீபோர்டு வகுப்பில் சேர்ந்தேன்.

ஏழு மாதம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்து மணி. அம்மா வீட்டில் விசாரிக்கிறவர்களிடம் நான் வாக்கிங் போவதாகச் சொல்கிறாள். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கிறவர்கள். முதல் நாள் ஒரு பெண், "தாத்தா, நீங்க எந்த கிரேடு?" என்று கேட்டாள். "இன்னும் கிரேடு இல்லம்மா" என்றேன். "அப்ப நீங்க எனக்குப் பின்னாடி உக்காருங்க" என்றாள். டீச்சர் நல்ல மாதிரி. "சார், கீயை இப்படித் தடவிப் பாக்காதீங்க சார், அழுத்துங்க. துணி இல்ல அது" என்பார். என் விரல் எதற்கும் உதவவில்லை. ஆனால் படிப்பது வந்தது. எந்தக் கோட்டில் எந்தச் சுரம், எந்தக் குறிக்கு எத்தனை தட்டு என்று ஒரு நோட்டில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தேன். நெடுங்கோடு போட்டுப் பிரித்ததுதான் கட்டம்; கட்டத்துக்கு நான்கு தட்டு என்று தலையில் எண் போட்டிருந்தால் நான்கு தட்டு. கூட்டினால் சரியாக வர வேண்டும். கணக்கில் பட்டம் வாங்கிய எனக்கு அது போதும். உன்னைப் பற்றி டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்து வாரம் முன்பு உன் தாள்களைப் பார்க்கத் தொடங்கினேன். புடவை பார்க்கிற மாதிரியே. வெளிச்சம் இடப்பக்கம் இருந்து விழும்படி மேஜையைத் திருப்பி, நூல் எண்ணும் பழைய கண்ணாடியை எடுத்துத் துடைத்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வீதம், ஒவ்வொரு கட்டத்தையும் நான்கு வரியிலும் கூட்டினேன். எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது, அதை நான் பார்க்கவும் இல்லை. கணக்கை மட்டும் பார்த்தேன். பதின்மூன்று பக்கத்தில் ஒரு அரைத் தட்டுகூட எங்கும் பிசகவில்லை. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எனக்கு ஒரு ஏமாற்றம் இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

பதினான்காம் பக்கம், முதல் கட்டம். வரிசைப்படி அறுபத்தொன்றாவது. மூன்றரைத் தட்டுதான் இருக்கிறது. நான்கு வரியிலும் அதே அரைத் தட்டு இல்லை. தறியில் டிசைனை எழுப்பும் ஜாக்கார்டு அட்டை ஒன்று கிழிந்தால் பழுது புடவையின் அகலம் முழுக்க ஓடுமே, அந்த மாதிரி மேலிருந்து கீழ்வரை. அடுத்த கட்டத்தின் தலையில் மறுபடியும் நான்கு என்று எழுதியிருக்கிறாய். கணக்கு எங்கோ தவறியது உனக்கே உறுத்தி, உறுதிக்காக எழுதிவைத்தாய் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஐந்து முறை கூட்டினேன். தினா, முப்பத்து நான்கு வருடத்தில் எந்தப் பழுதைக் கண்டும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் கேவலம். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. உன் மாமனார் விரல் வைத்துப் பார்த்தும் காணாததை நான் கண்டேன் என்று ருசித்துக்கொண்டிருந்தேன். மேடையில் அந்த நால்வரும் அந்த இடத்துக்கு வந்து தடுமாறுவார்கள், அப்போது அரங்கத்தில் காரணம் தெரிந்தவன் நான் ஒருவனாக இருப்பேன் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். பழுதைக் கண்டும் சொல்லாமல் தள்ளிவிடுகிறவனை எங்கள் அறையில் யாரும் மேஜைக்குப் பக்கத்தில் சேர்க்கமாட்டோம். ஆகவே சொல்கிறேன். பதினான்காம் பக்கம், அறுபத்தொன்றாவது கட்டம், அரைத் தட்டு குறைகிறது. வியாழக்கிழமைக்குள் சரி செய்துகொள்.

ஐந்தாவது. சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட் அனுப்பியிருக்கிறாய். அம்மா புடவை எடுத்து வைத்துவிட்டாள். நான் வர வேண்டாம் என்றுதான் எழுத நினைத்திருந்தேன். நான் வருவதில் யாருக்கும் பயன் இருந்ததில்லை. வேலூர் விடுதியில் நீ ஆறாம் வகுப்புப் படித்தபோது, 'பையன் நன்றாக வாசிக்கிறான், ஒரு நாள் வந்து கேளுங்கள்' என்று வார்டன் எனக்குக் கடிதம் போட்டார். ஒரு பை நிறைய முறுக்கோடு வந்தேன். ஜெபக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். உன் கால் பெடலுக்கு எட்டவில்லை. வார்டன் உன் தோளில் கை வைத்து நின்றிருந்தார். நீ வாசித்து முடித்து முதலில் அவர் முகத்தைப் பார்த்தாய். நான் முறுக்குப் பையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்த வாரம் உன்னிடமிருந்து கார்டு வந்தது. 'முறுக்கு வந்தது. அப்பா வரவில்லை.' நீ அப்படித்தான் நம்புகிறாய். அப்பா வந்திருந்தார். இதையும் திருத்திக்கொள்.

இவ்வளவும் நேற்று எழுதியது. இப்போது செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி.

ஒரு புடவையைப் பழுது என்று ஒதுக்குவதற்கு முன் இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்தாக வேண்டும். அது மட்டும் எங்கள் இடத்தில் எழுதிவைத்த விதி. உன் தாளைப் பொறுத்தவரை இரண்டாவது ஆள் என்றால் உலகத்தில் ஒருவர்தான். காலையில் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும்போது அது நினைவுக்கு வந்தது. ஒட்டாமல் வைத்துவிட்டு, உன் கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நானாக அரக்கோணத்துக்குப் போன் செய்தேன்.

"சம்பந்தியா? நீங்களா போன் பண்றீங்க? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க இல்ல?" பயந்துவிட்டார், பாவம்.

"எல்லாரும் நல்லா இருக்கோம். தினா எழுதினது உங்ககிட்ட ஒரு காப்பி இருக்குமே. பதினாலாம் பக்கத்துல முதல் கட்டம் மட்டும் பாத்துச் சொல்லணும்."

"இதோ. இருங்க, கண்ணாடிய எங்கியோ வச்சிட்டேன்."

"நெத்தியில இருக்குதா பாருங்க."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. தாள் புரட்டும் சத்தம். "ம்... பதினாலு. முதல் கட்டம். ஆரம்பத்துலயே பெருசா ஏழு, கீழ எட்டுன்னு போட்டிருக்கான்."

"ஏழா?"

"ஏழுதான் சம்பந்தி. நாலு வரிக்கும் சேத்துப் பெருசா, சினிமா போஸ்டர் மாதிரி. ஏழு அரைத் தட்டு, அந்த ஒரு கட்டம் மட்டும் மூணரைத் தட்டு. அடுத்ததுல நாலுக்கு வந்துடுறான்."

என் ஜெராக்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பதினான்காம் பக்கத்தின் இடது ஓரத்தில், நான்கு வரிகளின் தொடக்கத்தையும் மறைத்துக்கொண்டு, கறுப்பாக ஒன்று படுத்திருக்கிறது. அம்மாவின் கட்டைவிரல். காற்றில் தாள் பறக்காமல் இருக்க அழுத்திப் பிடித்திருக்கிறாள். மூன்று வாரமாக அந்த விரலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குக் கீழே புதிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். புடவையில் அங்குலத்துக்கு இத்தனை இழை என்று தலைப்பில் ஒரு முறை எண்ணிவிட்டால், உடல் முழுக்க அதே எண்ணிக்கைதான், மாறினால் அது பழுது. வகுப்பில் குழந்தைகள் வாசிக்கும் பாடங்களிலும் எண் தலையில் ஒரு முறைதான் வரும். ஒரு மனிதன் நடுவழியில், ஒரே ஒரு கட்டத்துக்காக, தெரிந்தே எண்ணை மாற்றிக்கொண்டு பிறகு பழைய எண்ணுக்குத் திரும்புவான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

உன் மாமனார் இன்னும் லைனில் இருந்தார். "ஆமா, நீங்க எப்படி சம்பந்தி பதினாலாம் பக்கத்துக்குப் போனீங்க?" கீபோர்டு வகுப்பைப் பற்றிச் சொன்னேன். குழந்தைகளுக்குப் பின்னால் உட்கார்ந்ததையும் சொன்னேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா. நான் ஒன்பதாம் பக்கத்தோட நின்னுட்டேன் சம்பந்தி. நம்ம சர்ச் பாட்டுப் புஸ்தகம் மாதிரி இல்ல அது. ரெண்டு தடவ ஆரம்பிச்சேன், ரெண்டு தடவயும் அங்கியே தூக்கம் வந்துடுச்சி. தினா கேட்டப்ப ரொம்ப நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டேன். மாப்பிள்ளையாச்சே, வேற இன்னா சொல்றது?" கடிதம் எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். "அப்ப இதையும் எழுதிடுங்க. என் வாயால அவன்கிட்ட சொல்றதுக்கு ஒரு மாதிரி இருக்குது" என்றார். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். அவர் ஒன்பது, நான் பதினான்கு என்பதை அவர் சொல்லாமலேயே எழுதுகிறேன். மீதி ஒன்பது பக்கத்தையும் இன்று சாயங்காலத்துக்குள் கூட்டிவிடுவேன்.

எனக்கு யாருக்கும் புத்தி சொல்லிப் பழக்கமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், சரியா என்று நீயே பார்த்துக்கொள். இனி நீ எழுதுவதை, உன்மேல் அன்பு மட்டும் உள்ளவர்களிடம் காட்டிவிட்டு நிறுத்தாதே. அவர்கள் ஒன்பதாம் பக்கத்தில் மனம் நிறைந்து போய்விடுவார்கள். கொஞ்சம் பொறாமையும் உள்ள ஒருவனிடமும் கொடு. அவன் கடைசிக் கட்டம் வரைக்கும் கூட்டிப் பார்ப்பான். இது உனக்குச் சொல்லும் யோசனையா, உன் மேஜையில் எனக்கு ஓர் இடம் கேட்கும் விண்ணப்பமா என்று இரண்டு முறை யோசித்தேன். தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் நானும் அம்மாவும் புறப்படுகிறோம். சம்பந்தி தனக்குப் பக்கத்து நாற்காலியை எனக்காகப் பிடித்து வைப்பதாகச் சொன்னார். பதினான்காம் பக்கத்து அந்த இடம் வரும்போது தொடையில் தட்டிக் காட்டுங்கள் என்றும் கேட்டார். சரி என்றேன். காட்டுவதா, எனக்குள்ளேயே எண்ணிக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இந்த முறை ஜன்னலுக்கு வெளியே நிற்கமாட்டேன். நீ முடிவில் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறாய் என்று மட்டும் பார்ப்பேன். அதைத் தடுக்க என்னால் முடியாது.

மாலை ஆறு மணி. இருபத்து மூன்று பக்கமும் முடிந்தது. மேலே போட்ட பட்டியலில் நான்காவது தவறு. அடித்துவிட்டு எழுதலாம் என்று பென்சிலை எடுத்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன். அரைத் தட்டு குறையவில்லை. அது உன் கணக்கு, சரியாக இருக்கிறது.

பார்த்தது.

அப்பா